எழுதாத வாடகையும் கடன்தான்



சில மாதங்களுக்கு முன்பு, ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி புளியந்தோப்பில் உள்ள எங்கள் கிடங்குக்கு வந்திருந்தார். துவரம்பருப்பு, உளுந்து, கடலைப்பருப்பு ஆகிய மூன்றும் மாதந்தோறும் இத்தனை மூட்டை எடுப்போம், பணம் அறுபது நாள் கழித்து வரும் என்றார். நாம் தெருக்கடைக்காரருக்கு ஏழு நாள் தவணை கொடுக்கவே நூறு முறை யோசிப்பவர்கள். அறுபது நாள் என்றதும் தயங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, எங்கள் ஆண்டறிக்கையைப் பாருங்கள், எங்களுக்கு வங்கிக் கடனே மிகக் குறைவு" என்று சொல்லி ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு அதைப் புரட்டினேன். அடியேன் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் நாற்பது வருடமாகப் பேரேடு பார்க்கிறவனுக்கு ஐந்தொகை புரியாமல் போகாது. வங்கிக் கடன் குறைவு என்றது உண்மைதான். ஆனால் அதற்குக் கீழேயே 'குத்தகைப் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தொகை வங்கிக் கடனைப் போல் பல மடங்கு. சொத்துப் பக்கத்தில் 'பயன்பாட்டு உரிமைச் சொத்து' என்று இன்னொரு வரி. இதைப் போன்ற வரிகளை நான் பழைய ஐந்தொகைகளில் பார்த்ததில்லை. மறுநாள் ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்கக் கேட்க, இது பெரிய கம்பெனிகளின் விஷயம் மட்டுமல்ல, வாடகைக் கடையில் உட்கார்ந்திருக்கும் நம் ஒவ்வொருவருடைய விஷயமும்தான் என்று பட்டது. ஆகவே இதை எழுதுகிறேன்.

என்ன மாறியது?

முன்பெல்லாம் ஒரு கம்பெனி கடையை வாடகைக்கு எடுத்தால், அந்த வருடம் கொடுத்த வாடகையைச் செலவில் எழுதுவார்கள். அடுத்த எட்டு வருடம் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட வாடகை ஐந்தொகையில் ஏறாது. கடைசிப் பக்கங்களில் சிறு எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும், அவ்வளவே. நூறு கடை எடுத்தவனும் ஐந்தொகையில் கடன் இல்லாதவன் போலக் காட்சி தருவான்.

இதை உலக அளவில் கணக்கு விதி வகுக்கும் சர்வதேச கணக்கியல் தரநிலை வாரியம் 2016ஆம் ஆண்டு ஜனவரியில் மாற்றியது. அந்த விதிக்கு ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்று பெயர். 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது அந்த வாரியம் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளின் குத்தகைக் கடப்பாடு உலகெங்கும் சுமார் 3.3 லட்சம் கோடி டாலர். அதில் 85 சதவீதத்துக்கு மேல் ஐந்தொகையில் இல்லை என்பதே அது. நம் நாட்டில் அதே விதி இண்ட் ஏ.எஸ். 116 என்ற பெயரில் 2019 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளும், 250 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள மற்ற கம்பெனிகளும் இதன்படிதான் கணக்கு எழுத வேண்டும். நம் போன்ற தனி வியாபாரிகளுக்கும் கூட்டு வியாபாரிகளுக்கும் இந்த விதி கிடையாது.

விதி சொல்வது எளிமையானது. வருங்காலத்தில் கொடுக்க வேண்டிய வாடகையை இன்றைய மதிப்புக்கு வட்டி கழித்துக் குறுக்கிக் கடனாக எழுது. அந்த இடத்தை உபயோகிக்கும் உரிமையை அதே அளவுக்குச் சொத்தாக எழுது. பிறகு வருடா வருடம் கடனுக்கு வட்டியும், சொத்துக்குத் தேய்மானமும் எழுது.

மாதம் 20,000 ரூபாய் வாடகைக்கு ஒரு கடையை மூன்று வருடத்துக்கு எடுத்ததாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,40,000. வட்டி 12 சதவீதம் என்றும், வாடகை வருட முடிவில் கொடுப்பது என்றும் எளிதாக வைத்துக்கொண்டால், மூன்று வருட வாடகையின் இன்றைய மதிப்பு சுமார் 5,76,000 ரூபாய். இதுதான் முதல் நாளே ஏட்டில் ஏறும் கடன். முதல் வருடம் வட்டி சுமார் 69,000, தேய்மானம் 1,92,000, ஆகச் செலவு 2,61,000. கையிலிருந்து போனது 2,40,000தான். ஆனால் செலவு அதைவிட 21,000 கூடுதலாகத் தெரியும். மூன்றாம் வருடம் வட்டி குறைந்து, செலவு 2,18,000க்கு இறங்கிவிடும். மூன்று வருடத்தையும் கூட்டினால் அதே 7,20,000தான். மொத்தத்தில் ஒரு காசும் மாறவில்லை. எந்த வருடம் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் மாறியது.

நீட்டிப்பு என்ற முடிச்சு

இனிதான் விஷயமே இருக்கிறது. அதே ஒப்பந்தத்தில், "மூன்று வருடம் முடிந்ததும் வாடகைதாரர் விரும்பினால் மேலும் இரண்டு வருடம் இதே வாடகைக்கு நீட்டித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி இருந்தால்? மூன்று வருடம் என்று எழுதினால் கடன் 5,76,000. ஐந்து வருடம் என்று எழுதினால் 8,65,000. ஒரே கடை, ஒரே ஒப்பந்தம், வித்தியாசம் 2,89,000. நூறு கடை உள்ள கம்பெனிக்கு இது கிட்டத்தட்ட மூன்று கோடி.

இதற்கு விதி என்ன சொல்கிறது? வாடகைதாரர் அந்த நீட்டிப்பை உபயோகிப்பார் என்பது நியாயமான அளவுக்கு நிச்சயமாக இருந்தால், அந்தக் காலத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். நிச்சயமா இல்லையா என்பதை எதை வைத்துப் பார்ப்பது? நீட்டிப்புக் கால வாடகை சந்தை வாடகையைவிடக் குறைவா? கடைக்குள் தளம், அலமாரி, குளிர்பெட்டி என்று பெரும் பணம் போட்டிருக்கிறார்களா? இடம் மாறினால் எவ்வளவு செலவு, எவ்வளவு வியாபார நஷ்டம்? அந்த இடம் அவர்கள் வியாபாரத்துக்கு எவ்வளவு முக்கியம்? இவற்றையெல்லாம் எடை போட வேண்டும். பிறகு நிலைமை பெரிதாக மாறினால், உதாரணமாக எதிர்பாராமல் கடைக்குள் பெரிய வேலை செய்துவிட்டால், அன்றைக்கு மறுபடியும் யோசித்துக் கடனைத் திருத்தி எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் முன்பு இல்லாத நீட்டிப்பை இரு தரப்பும் புதிதாகப் பேசி முடித்தாலும், அன்றைய வட்டி விகிதத்தில் கடனை மறுபடி கணக்கிட்டு, சொத்தையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும்.

பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட குறுகிய கால வாடகைக்கு விலக்கு உண்டு. அதைக் கடனாக எழுத வேண்டியதில்லை. "அப்படியானால் எல்லாரும் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாமே" என்று ஆடிட்டரிடம் கேட்டேன். அதற்கும் பதில் வந்துவிட்டது என்றார். காலம் குறிப்பிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் வாடகையையும், புதுப்பித்துக்கொண்டே போகும் வாடகையையும் எப்படிப் பார்ப்பது என்று 2019 நவம்பரில் அந்த வாரியத்தின் விளக்கக் குழு முடிவு சொல்லியிருக்கிறது. காகிதத்தில் எழுதிய அபராதத்தை மட்டும் பார்க்காதே, இடத்தை விட்டால் உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று பார் என்பதே அதன் சாரம். கடைக்குள் பத்து வருடம் உழைக்கும் தளத்தைப் போட்டுவிட்டு, வாடகைக் காலம் பதினோரு மாதம்தான் என்று சொன்னால், இரண்டில் ஒன்று பொய்.

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு.

நான் போட்ட தளம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் பகுதி பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் பழைய கிடங்கிலும் தண்ணீர் புகுந்து, கீழ் வரிசை மூட்டைகள் எல்லாம் ஊறிப் போயின. மறு வருடம் வாடகைக் கிடங்கின் தரையை இரண்டடி உயர்த்தி, கருங்கல் அடித்தளமும் சிமெண்டுத் தளமும் போட்டு, இரும்பு ஸ்டாண்டுகளும் அமைத்தேன். நாலு லட்சத்துக்கு மேல் ஆயிற்று. ஒப்பந்தம் என்ன? வழக்கமான பதினோரு மாதம். பதினெட்டு வருடமாகப் புதுப்பித்து வந்ததுதான். பல வருடம் காகிதம்கூட மாற்றவில்லை. கட்டடக்காரர் நல்லவர். "நீங்கள் இருக்கும் வரை இருங்கள்" என்பார். அந்த வார்த்தையை நம்பித்தான் தளம் போட்டேன்.

தளம் போட்டு இரண்டு வருடம்கூட முடியவில்லை, அவர் காலமானார். பிள்ளைகள் இடத்தை விற்க வேண்டும் என்றார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை. அப்பா சொன்ன வார்த்தை எந்தக் காகிதத்திலும் இல்லை. கெஞ்சிக் கேட்டு, வாடகையைக் கூட்டிக் கொடுத்து, ஒரு வருடம் அவகாசம் வாங்கினேன். பிறகு இடம் மாறினேன். ஸ்டாண்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தேன். தளத்தைக் கழற்ற முடியுமா? என் ஏட்டில் அந்தத் தளத்தைப் பத்து வருடத்துக்குத் தேய்மானம் எழுதிக்கொண்டிருந்தேன். மீதியெல்லாம் ஒரே நாளில் நஷ்டம்.

அந்தத் தளத்தைப் போடும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத்தான் இந்த விதி இன்றைக்குக் கம்பெனிகளைக் கேட்கிறது: 'இந்த இடத்தில் எத்தனை வருடம் இருக்கப் போகிறாய்? அதற்கு என்ன ஆதாரம்?'

கடன் கொடுப்பவர் கவனத்துக்கு

நம்மில் மொத்த வியாபாரிகள் பலர் இப்போது பெரிய கடைகளுக்குத் தவணையில் சரக்குக் கொடுக்கிறோம். அவர்கள் வாடகை கொடுக்க முடியாத நாளில் நம் பணமும் நிற்கும். இதற்கு வெளியூர் போக வேண்டாம். 1997இல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா, நாடெங்கும் சுமார் 1,600 கடைகள் வரை விரிந்து, 2009இல் நின்றுபோனது. கடைகள் எல்லாம் பெரும்பாலும் வாடகை இடங்கள். வாடகை பாக்கி, சம்பள பாக்கி, சரக்குக் கொடுத்தவர் பாக்கி எல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வந்தன. இங்கிலாந்தில் கிட்டத்தட்ட நூறு வருடம் நடந்த ஊல்வொர்த்ஸ் கடைகள் எண்ணூறுக்கு மேல், 2008 நவம்பரில் திவால் நடவடிக்கைக்குப் போய், 2009 ஜனவரி முதல் வாரத்துக்குள் மூடப்பட்டன. அந்தக் கம்பெனியின் ஐந்தொகையில் இருந்த கடனைவிட, ஐந்தொகைக்கு வெளியே இருந்த குத்தகைக் கடப்பாடு பல மடங்கு பெரிது என்று பிற்பாடு கணக்கு விதி வகுத்தவர்களே உதாரணம் காட்டினார்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. ஃப்யூச்சர் ரீடெயில் கம்பெனி வாடகை கட்ட முடியாமல் திணறியபோது, அதன் பல கடைகளின் குத்தகையை ரிலையன்ஸ் தன் பெயருக்கு வாங்கி, உள்குத்தகைக்கு விட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் அந்த உள்குத்தகைகளை ரத்து செய்ய நோட்டீஸ் கொடுத்து, கடைகளை எடுத்துக்கொண்டது. எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகளுக்கு நோட்டீஸ் வந்ததாக ஃப்யூச்சர் ரீடெயிலே பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. அதே வருடம் ஜூலையில் அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. பெயர்ப் பலகை இருந்தது, சரக்கு இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். வாசல் சாவி மட்டும் வேறொருவர் கைக்குப் போயிற்று. குத்தகை யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடைக்காரர்.

ஆகவே, பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பார்க்கும்போது நாம் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, குத்தகைப் பொறுப்பு எவ்வளவு, அதில் ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டியது எவ்வளவு. இரண்டு, குறிப்புகளில் குத்தகைக் காலத்தை எப்படித் தீர்மானித்தார்கள், நீட்டிப்பைச் சேர்த்தார்களா என்ற விளக்கம். மூன்று, லாபத்தை எந்த இடத்தில் நின்று சொல்கிறார்கள் என்பது.

இந்த மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புது விதிப்படி வாடகை என்ற செலவுத் தலைப்பு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அது வட்டியாகவும் தேய்மானமாகவும் பிரிந்து கீழே போய்விடுகிறது. பத்திரிகையில் 'வட்டி, தேய்மானம், வரி ஆகியவற்றுக்கு முந்திய லாபம்' என்று போடுவார்கள். வாடகை கழிக்காத லாபம் என்று அதற்கு அர்த்தம். வாடகை கழிக்காமல் பார்த்தால் நம் தெருமுனைப் பெட்டிக்கடைகூட நன்றாகத்தான் நடக்கிறது! கடைசி வரி லாபத்தையும், ரொக்க ஓட்டக் கணக்கில் குத்தகைக்காக வெளியே போன பணத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

சரக்குக் கொடுத்தவருக்கு 45 நாளில் பணம் வர வேண்டும் என்று சிறுதொழில் சட்டம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் உத்யம் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு வியாபாரிக்குத் தரப்படவில்லை. நம் பணத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதியில் குறை இல்லையா?

உண்டு. 'நியாயமான அளவுக்கு நிச்சயம்' என்பதை முடிவு செய்வது யார்? கம்பெனி நிர்வாகமே. கடன் குறைவாகத் தெரிய வேண்டுமானால் நீட்டிப்பு நிச்சயமில்லை என்பார்கள். ஆடிட்டர் கேள்வி கேட்கலாம். ஆனால் மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாது. இரண்டு கம்பெனிகள் ஒரே தெருவில், ஒரே மாதிரி ஒப்பந்தத்தில் கடை வைத்துவிட்டு, ஒருவர் மூன்று வருடமும் மற்றவர் ஒன்பது வருடமும் எழுதலாம்.

வேறொரு வாதமும் இருக்கிறது. 'நீட்டிப்பு என் விருப்பம், வேண்டாமென்றால் விட்டுவிடுவேன், கட்டாயமில்லாததை எப்படிக் கடன் என்பது?' என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி பார்த்தால் இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. சந்தையே இடம் மாறினால் யார் நீட்டிப்பார்கள்? கொத்தவால் சாவடியில் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்த காய்கறி, பழ மண்டிகள் 1996இல் கோயம்பேட்டுக்குப் போகவில்லையா? அன்றைக்குச் சாவடியில் நீண்ட காலக் குத்தகை எழுதியிருந்தவருக்கு அது வரவா, பாரமா? ஆகவே எல்லா நீட்டிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு கடனில் சேர்ப்பதும் தவறுதான்.

இருந்தாலும், என் அபிப்பிராயம் விதியின் பக்கமே. ஏனென்றால் அது ஒருவனுடைய வாயைக் கேட்காமல் கையைப் பார்க்கிறது. 'நான் போய்விடுவேன்' என்று வாய் சொல்லலாம். தளம் போட்ட கை வேறு சொல்கிறது. நாம் கடன் கொடுக்கும்போது ஒருவரை எடை போடுவதும் இப்படித்தானே?

நமக்கு என்ன?

விதி நமக்கு இல்லாவிட்டாலும் புத்தி நமக்கு வேண்டும். நம் ஏட்டில் எழுதாவிட்டாலும் வாடகை வந்தே தீரும்.

முதலாவது காகிதம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது பழைய சட்டம். பதியாத பத்திரத்தில் ஐந்து வருடம் என்று எழுதியிருந்தாலும், அந்த ஐந்து வருடத்தை அதைக் காட்டி நிலைநாட்டுவது கடினம். பத்திரச் செலவுக்குப் பயந்துதான் நாம் எல்லாரும் பதினோரு மாதம் என்று எழுதுகிறோம். சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய்ச் சில லட்சத்தை விட்டவன் சொல்கிறேன், அந்தச் சிக்கனம் வேண்டாம்.

இரண்டாவது, 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னும் நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அது போய்விட்டது. 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தம் போடத் தவறியதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாகிவிட்டது. வேறு விதமாகப் பேசி எழுதாத பட்சத்தில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது போன்ற சாதகங்களும் அதில் உண்டு. ஆனால் கோயில் இடம், அறக்கட்டளை இடம், வக்பு இடம், அரசு இடம் இந்தச் சட்டத்துக்குள் வராது. கோயில் இடத்தை ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வடசென்னையில் இப்படிப்பட்ட இடங்களில் கடை வைத்திருப்பவர்கள் ஏராளம்.

மூன்றாவது வரி. 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவில்லாத கட்டடக்காரருக்குக் கொடுக்கும் கடை வாடகைக்கு, பதிவு பெற்ற வாடகைதாரரே 18 சதவீத வரி கட்ட வேண்டும் என்று வந்தது. இணக்க வரித் திட்டத்தில் உள்ள சிறு வியாபாரிகளுக்கு வியாபாரிகளின் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியில் விலக்குக் கிடைத்தது. மற்றவர்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரியில்லாச் சரக்கும் வரியுள்ள சரக்கும் கலந்து விற்பவருக்கு, வரியில்லாச் சரக்கின் பங்குக்குத் திரும்பக் கிடைக்காது. ஆகவே 20,000 ரூபாய் வாடகை சிலருக்கு உண்மையில் 20,000 அல்ல. நீட்டிப்புப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் இப்போது கடைப்பிடிக்கும் சில விதிகளைச் சொல்கிறேன்:

1. புது இடம் எடுக்கும்போதும், பழைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும், மொத்தக் காலத்துக்கும் கொடுக்கப் போகும் வாடகையை ஒரு தாளில் எழுதிக் கூட்டி, வங்கிக் கடனுக்குக் கீழே வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் சேர்ந்த தொகையைத் தாங்க வியாபாரம் இருக்கிறதா என்று பிறகே கையெழுத்து.

2. காகிதத்தில் உறுதியான காலத்தைவிட அதிக காலம் உழைக்கும் எந்த வேலையையும் வாடகை இடத்தில் செய்வதில்லை. செய்துதான் ஆக வேண்டுமென்றால், முதலில் காலத்தை நீட்டிப் பதிந்துவிட்டுப் பிறகு கொத்தனாரை அழைக்கிறேன். அந்தச் செலவையும் ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே எழுதித் தீர்க்கிறேன்.

3. நீட்டிப்பு உரிமை யாருக்கு, எத்தனை மாதம் முன்பு எழுத்தில் கேட்க வேண்டும், வாடகை எத்தனை சதவீதம் கூடும், வாரிசுகளையும் இடத்தை வாங்குபவரையும் இது கட்டுப்படுத்துமா ஆகிய நான்கும் பத்திரத்தில் இருக்க வேண்டும். 'இரு தரப்பும் பேசிக்கொள்ளலாம்' என்று மட்டும் எழுதினால் அது நீட்டிப்பு உரிமை ஆகாது.

4. முடிவுத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்துக்கொள்கிறேன். காலம் முடிந்த பிறகு பேசினால் பேரத்தில் நமக்குக் கால் இருக்காது.

5. பெரிய கம்பெனிக்குத் தவணை கொடுக்கும் முன் அதன் வங்கிக் கடனையும் குத்தகைப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நீட்டிப்பு விதிகளோடு கூடிய ஒரு மாதிரிக் குத்தகைப் பத்திரத்தைத் தமிழில், வழக்கறிஞரைக் கொண்டு தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். பெரிய கம்பெனிகளின் ஐந்தொகையைப் படிப்பது எப்படி என்று ஓர் ஆடிட்டரை அழைத்து அரை நாள் வகுப்பும் நடத்தலாம். மாநாட்டுப் பந்தலுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது.

அந்தக் கொள்முதல் அதிகாரிக்கு என்ன சொன்னேன் என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுபது நாளுக்குப் பதில் இருபத்தொரு நாள், பாக்கி ஓர் அளவைத் தாண்டினால் அடுத்த வண்டி கிளம்பாது என்று சொன்னேன். "ஏன் ஐயா, கடன்தான் இல்லையே?" என்றார். ஆண்டறிக்கையில் அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை" என்றார். இருபத்தொரு நாளுக்கு ஒப்புக்கொண்டார்.

அவர் சொன்னதில் ஒரு திருத்தம் வர வேண்டும் என்பதே என் ஆசை. நம் சங்கத்து வியாபாரிகள் அந்த வரியைப் பார்ப்பவர்கள் என்ற பெயர் வர வேண்டும். அதற்கு முன் நம் சொந்தக் கடையின் பதினோரு மாதக் காகிதத்தை எடுத்து, முடிவுத் தேதி என்றைக்கு என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம்.